ஜெர்மன் மெஷின்தானே என்று அப்படியே சொருகாதீர்கள்

என் பழுதுபார்க்கும் கடைக்கு இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த பழைய கலவை இயந்திரம். தொட்டால் ஷாக். "ஜெர்மன் மெஷின் சார், அதுல ஒண்ணும் வராது. எங்க வீட்டு வயரிங்லதான் ஏதோ கோளாறு" என்று சாதிக்கிறார் கொண்டுவந்தவர். எத்தனை பேர்தான் இதையே சொல்வார்கள்!

ஜெர்மன் மெஷினுக்கு அந்த நல்ல பெயர் சும்மா வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பிரவுன் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1921-ல் மாக்ஸ் பிரவுன் என்ற பொறியாளர் பிராங்க்ஃபர்ட்டில் ஆரம்பித்த பட்டறை அது. ரேடியோ உதிரிபாகம், அப்புறம் முழு ரேடியோ என்று வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு ஆலையைச் சிதைத்தது. மறுபடி எழுந்து 1950-ல் மல்டிமிக்ஸ் மிக்சியையும் மின் ஷேவரையும் சந்தைக்கு விட்டார்கள். மறு ஆண்டே மாக்ஸ் காலமாக, மகன்கள் ஆர்தரும் எர்வினும் பொறுப்பேற்றார்கள். உல்ம் வடிவமைப்புப் பள்ளிக்காரர்களோடு கைகோத்தார்கள், 1955-ல் வடிவமைப்பாளர் டீட்டர் ராம்ஸை வேலைக்கு எடுத்தார்கள். 1957-ல் கெர்ட் ஆல்ஃபிரட் முல்லர் வடிவமைத்த கே.எம். 3 என்ற சமையலறை இயந்திரம் வந்தது. மாவு பிசையும், அடிக்கும், துணைக்கருவி மாட்டினால் இறைச்சி அரைக்கும், காய் சீவும். வழவழப்பான வெள்ளை உடல், அழுக்கு தங்கும் மூலை முடுக்கு குறைவு. பழுது பார்க்கிறவன் கண்ணுக்கு அதுதான் அழகு. பல பத்தாண்டுகள் அது விற்றதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, அதனால்? 1957-ல் நன்றாகச் செய்த இயந்திரத்தின் உள்ளே வயரைச் சுற்றி இருக்கும் ரப்பருக்கும் இன்று அதே வயதுதான். ரப்பருக்குப் பாஸ்போர்ட் கிடையாது. எந்த நாட்டு ரப்பரானாலும் இறுகும், வெடிப்பு விடும், உள்ளே செம்பு தெரியும். ரேடியோ இரைச்சலைத் தடுக்க வைத்த காகிதக் கண்டென்சர் ஈரம் குடித்துப் புகையும். மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேயும். பெயர்ப் பலகையில் எந்த ஊர் என்று போட்டிருந்தாலும் இதுதான் நடக்கும்.

கம்பெனியும் அதே கம்பெனி இல்லை. 1967-ல் அமெரிக்காவின் ஜில்லெட் வாங்கியது, 2005-ல் ஜில்லெட்டையே இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான பி அண்ட் ஜி வாங்கியது, 2012-ல் சமையலறைச் சாதனங்களுக்கான பிரவுன் பெயரின் உரிமம் இத்தாலியின் டெலாங்கிக்குப் போனது. பழைய மாடலைத் தூக்கிக்கொண்டு இன்றைய சர்வீஸ் சென்டரில் சண்டை போடுவது வீண்.

இப்போது பிளக். அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் இயந்திரம் ஓடும், ஏமாறுவதும் அதனால்தான். ஜெர்மன் பிளக்கில் எர்த் பக்கவாட்டுத் தகட்டில் இருக்கிறது. நம் சாக்கெட்டில் எர்த் மேலே உள்ள பெரிய துளையில். இரண்டு பின்னும் நம் துளைக்குள் தொளதொளவென்று போய்விடும், எர்த் எங்கேயும் தொடாது. உலோக உடலில் கசிவு இருந்தால் அது உங்கள் கை வழியாகத்தான் இறங்கும். (சதுரத்துக்குள் சதுரக் குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு, எர்த் தேவையில்லை. குறியைத் தேடிப் பாருங்கள், ஊகிக்காதீர்கள்.)

பழைய இயந்திரம் கைக்கு வந்தால் முதலில் மெக்கர் என்ற சோதனைக் கருவியை வைத்து இன்சுலேஷன், அதாவது மின்காப்பு, சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். வயரையும் கண்டென்சரையும் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. இரட்டைக் காப்புக் குறி இல்லையென்றால் எர்த்தோடு மூன்று பின் பிளக் போடுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டுச் சொருகுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் மெஷினைவிட அதுதான் அவசரம்.

பெயர்ப் பலகையில் 'கே.பி.' (KB, குறுகிய நேர ஓட்டம் என்பதன் ஜெர்மன் சுருக்கம்) என்று போட்டுப் பக்கத்தில் நிமிடக் கணக்கு இருந்தால், தொடர்ந்து அவ்வளவு நேரம்தான் ஓட்டலாம். பிறகு ஆறவிடுங்கள். தோசை மாவு முழுவதையும் ஒரே மூச்சில் அரைத்துவிட்டு மோட்டார் கருகிவிட்டது என்று வராதீர்கள்.

அங்கிருந்து கொண்டுவரும் பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: கையேடு கிடைத்தால் பெட்டியில் போட்டு அனுப்பட்டும். ஜெர்மனில் இருந்தாலும் பரவாயில்லை, படங்களை வைத்தே பாதி வேலை முடிந்துவிடும்.