தலைகீழாகவும் பெட்ரோல் குடிக்கும் மெஷின்

வியாசர்பாடியில் மரம் ஏறிக் கிளை கழிக்கும் வாசகர் ஒருவர் படத்தோடு கேட்டிருக்கிறார்: "2016 வர்தா புயல் முடிஞ்ச கையோட செகண்ட்ஹேண்டுல வாங்கின செயின்சா சார். மேலேயே கைப்பிடி இருக்குமே, அந்தச் சின்ன டைப். ரெண்டு வருஷமா மூலையில கிடக்கு. கயிறு இழுத்தா புஸ்ஸுனு அடங்கிடுது. செலவு பண்ணலாமா, காயலான் கடைல போட்டுடலாமா?"

டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் பள்ளியில் படித்ததுதான். பெட்ரோலோடு ஆயில் கலந்து, பிஸ்டன் ஒருமுறை மேலே போய்க் கீழே வருவதற்குள் வேலை முடிந்துவிடும். எனக்குப் பிடித்தது அதன் கார்பரேட்டர், அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்.

பழைய ஸ்கூட்டர் கார்பரேட்டருக்குள் ஒரு குட்டித் தொட்டி, அதில் ஒரு மிதவை. மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து வால்வை மூடுகிறதே, அதே வித்தை. நிமிர்ந்து நிற்கும்வரை சரி. மரத்தின் மேல் மெஷினைச் சாய்த்து, திருப்பி, சில நேரம் கவிழ்த்தும் பிடிக்க வேண்டுமே? மிதவை வைத்த அந்தக்கால மரம் அறுக்கும் மெஷின்களில் இன்ஜினை நேராக வைத்துக்கொண்டு பிளேடை மட்டும் திருப்பிக்கொள்வார்கள்.

இப்போதைய செயின்சாவில் மிதவையே கிடையாது. பிஸ்டன் மேலே போனால் அதன் அடியிலுள்ள அறையில் உறிஞ்சல். கீழே வந்தால் அழுத்தம். ஒரு சின்னத் துளை வழியாக இந்த இழுப்பும் தள்ளலும் கார்பரேட்டரிலுள்ள மெல்லிய சவ்வுக்குப் போகின்றன. டயஃப்ரம் என்பார்கள். அது துருத்தி மாதிரி உள்ளே வெளியே அசைந்து டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடினால் நொடிக்கு 200 அசைவு! இழுத்த பெட்ரோல் திரும்பிப் போகாதபடி இரண்டு நாக்குகள் தடுக்கும். நம் தெரு அடிபம்புக்குள் இருக்கும் வால்வின் வேலைதான். பல கார்பரேட்டர்களில் அந்த நாக்குகளும் அதே சவ்விலேயே வெட்டியவை.

அடுத்து இன்னொரு சவ்வு. ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் வெளிக்காற்று. இன்ஜின் பெட்ரோலை உறிஞ்சினால் இது உள்ளே குழிந்து ஒரு நெம்புகோலை அழுத்தும், ஊசி திறக்கும், பெட்ரோல் நிறைந்ததும் சவ்வு பழைய இடத்துக்கு வர, ஊசி மூடிக்கொள்ளும். மேல் எது, கீழ் எது என்று இதற்குத் தெரியவே வேண்டாம்.

இந்தச் சவ்வு விறைத்துப்போனால் உங்கள் 'புஸ்' வரும். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். கழற்றி விரலால் சுண்டிப் பாருங்கள். எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி சலசலத்தால் ஆயுள் முடிந்தது. மாற்றும் கிட் பெரிய செலவில்லை.

அதற்கு முன் சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். நெடுக்குக் கீறல்கள் இருந்தால் மேற்கொண்டு காசு போடாதீர்கள். இன்னொரு சோதனை: மெஷினை ஸ்டார்ட்டர் கயிற்றுப் பிடியில் தொங்கவிடுங்கள். நின்று நின்று இறங்கினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன்) இருக்கிறது. சரசரவென்று இறங்கினால் இல்லை. அடிப்பாகம் பெரும்பாலும் மெக்னீசியக் கலவை. காசிமேட்டு உப்புக்காற்றில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டையோ சீல் கசிவோ இருந்தால் வெளிக்காற்று புகுந்து பெட்ரோல் விகிதம் குறையும். ஆயிலும் பெட்ரோலோடுதானே வருகிறது? பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

படத்தில் சிலிண்டர் இறக்கைகளுக்கு நடுவே ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து கிடக்கிறது. சாமி கும்பிடுவதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் காற்று போய்ச் சூட்டைத் தணிக்கும் வழி அது. பொட்டை மூடியில் வையுங்கள். எலுமிச்சம்பழம் கட்டியிருப்பது பிளேடு முனை கிளையில் பட்டு முகத்துக்கு எகிறுவதைத் தடுக்காது. அப்படி எகிறும்போது ஓடும் செயினைச் சட்டென்று நிறுத்தத்தான் செயின் பிரேக்.

அது வேலை செய்யாவிட்டால் மேலே கொண்டுபோகவே கூடாது. "அப்ப கீழ வெச்சு ஓட்டிக்கிறேன்" என்பீர்கள். அதுவும் வேண்டாம். இந்த மாடலில் இரு கைகளும் நெருக்கமாக இருப்பதால் எகிறலை அடக்கும் பிடிமானம் குறைவு. தரைவேலைக்குப் பின்கைப்பிடி மெஷின்தான்.

உங்கள் மெஷினில் பிரேக் கைப்பிடியைக் கட்டுக்கம்பியால் கட்டியிருக்கிறீர்கள். கார்பரேட்டர் கிட் வாங்கப் பாரிமுனைப் பக்கம் போகும்போது, முதலில் அந்த பிரேக்குக்கு ஸ்பேர் கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் கிட்டும் வாங்க வேண்டாம்.