‘வைல்ட்’ படமும் ஒரு சுருக்குப்பையும்

"எங்கேயாவது தனியா கிளம்பிப் போயிட்டா சரியாயிடுமா மேடம்?" நெருங்கியவர்களைப் பறிகொடுத்துவிட்டு ஆலோசனைக்கு வருகிறவர்களில் சிலர் இப்படிக் கேட்பதுண்டு. அவர்களிடம் நான் ‘வைல்ட்’ படத்தைப் பற்றிப் பேசுவேன்.

2014இல் வந்த படம். ஷெரில் ஸ்ட்ரெய்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் சொந்தக் கதை. 1991இல் அவருடைய அம்மா 45 வயதில் புற்றுநோயால் இறக்கிறார். ஷெரிலுக்கு அப்போது 22. அதன்பிறகு ஹெராயின் போதை, கண்மண் தெரியாத உறவுகள், விவாகரத்து. 1995இல் பசிபிக் க்ரெஸ்ட் ட்ரெயில் என்ற மலைப்பாதையில் சுமார் 1,100 மைல் தனியாக நடக்கிறார்.

படம் பார்த்தவர்கள் அந்த நடையைத்தான் சொல்வார்கள். எனக்கு உறுத்துவது நடுவில் போன நான்கு வருடங்கள். ஊர் அதை ‘கெட்டுப்போனாள்’ என்று சொல்லும். அழ இடம் கிடைக்காத துக்கம் போதையாகவும் கோபமாகவும் வெளியே வருவதை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

அப்புறம் அந்த முதுகுப்பை. விடுதி அறையில் அதைத் தூக்க முடியாமல், தரையில் உட்கார்ந்து வார்களை மாட்டிக்கொண்டு, புரண்டு தவழ்ந்து எழுந்திருப்பார். சில நாள் நடந்தபின் ஒரு முகாமில் வயதான மனிதர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலுள்ளதை ஒவ்வொன்றாக எடுத்து, இது வேண்டுமா வேண்டாமா என்று கேட்பார். தனியாக நடந்தவர்தான், ஆனால் பையை இறக்க ஓர் ஆள் இருந்தார். ஆலோசகரின் வேலையும் கிட்டத்தட்ட இதுதான்.

என்னிடம் வந்த ஒருவர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) அம்மாவின் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனவர். மூன்று வருடமாக இரவில் குடி. பல சந்திப்புகளுக்குப் பிறகு, பீரோவில் பூட்டி வைத்திருந்த அம்மாவின் சுருக்குப்பையை ஒருநாள் எடுத்து வந்தார். நாடாவை அவிழ்க்கவே நேரமானது. உள்ளே காய்ந்த பாக்கு, மடித்த பேருந்துச் சீட்டு, இரண்டு ரூபாய் நாணயம். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னைப் பார்க்க வந்தப்போ எடுத்த டிக்கெட்" என்றவர் அப்புறம் பேசவில்லை. அழுதார். நான் டம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

வருஷத் திதி வரை துக்கம் காப்பது நம் வழக்கம், அது நோயல்ல. ஆனால் மாதக்கணக்கில் ஏக்கம் குறையாமல், வேலை, தூக்கம், சாப்பாடு எல்லாம் முடங்கிக் கிடந்தால் உதவி தேடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடும் நீடித்த துக்கத்தைத் தனிக் கோளாறாகச் சேர்த்திருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அந்த நிலையில் இருப்பவரைத் தனியாகக் காட்டுக்கோ மலைக்கோ அனுப்பாதீர்கள்.

சுருக்குப்பையோடு வந்தவர் இப்போது காலையில் தங்கையோடு கண்மாய்க் கரையில் நடக்கிறார். சில நாள் அம்மாவைப் பற்றிப் பேசி அழுகை, சில நாள் வெறும் ஊர்க்கதை. "அம்மாவை நினைக்காமலே ஒரு நாள் போயிடுச்சு, தப்பா மேடம்?" என்று போன வாரம் கேட்டார். தப்பே இல்லை என்றேன்.