ஷாபாஸ் பட்டி எதைத் தடுக்கப் பார்த்தார்?

குற்றவியல் வழக்கறிஞர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்ததும் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்போம். அப்புறம் சம்பவம் நடந்த தேதி, புகார் கொடுத்த தேதி. புகார்தாரர் நேரில் கேட்டவரா, யாரோ சொல்லிக் கேட்டவரா என்பது அதற்கடுத்து. பாகிஸ்தானின் ஆசியா பீபி மீதான மத அவமதிப்பு வழக்கை இந்தக் கண்ணோடு படித்தால், அந்நாட்டின் சிறுபான்மையினர் நல அமைச்சர் ஷாபாஸ் பட்டி ஏன் கொல்லப்பட்டார் என்பது புரியும்.

2009 ஜூனில் பஞ்சாப் கிராமம் ஒன்றில் பழம் பறிக்கப் போன பெண்களிடையே தண்ணீரை வைத்து வாய்த்தகராறு. கிறிஸ்தவரான ஆசியா பீபி தொட்ட தண்ணீரைக் குடிக்க மாட்டோம் என்றார்கள் மற்றவர்கள். ஐந்து நாள் கழித்து, ஆசியா பீபி நபிகளை அவமதித்தார் என்று உள்ளூர் மதகுரு புகார் கொடுத்தார். சம்பவ இடத்தில் அவர் இல்லவே இல்லை. 2010 நவம்பரில் விசாரணை நீதிமன்றம் ஆசியா பீபிக்கு மரண தண்டனை விதித்தது. ஐந்து நாள் தாமதத்தையும் சாட்சிகளின் முரண்பாடுகளையும் காட்டி உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது 2018 அக்டோபர் 31-ல்தான்.

இத்தனை பலவீனமான புகார் எப்படி மரண தண்டனை வரை போனது? பதில் சட்ட வாசகத்தில் இருக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் 1860-ன் ஒரே தண்டனைச் சட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டன. 1927-ல் அதில் சேர்ந்த 295-ஏ பிரிவின்படி, வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு மத உணர்வைப் புண்படுத்தினால்தான் குற்றம். அரசின் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்கவும் முடியாது. ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்தில் 1986-ல் வந்த 295-சி அப்படியல்ல. நபிகளை அவமதித்ததற்கான அந்தப் பிரிவில் நோக்கம் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது; மறைமுகமாகச் சொன்னாலும் குற்றம்தான். மரண தண்டனைக்குப் பதில் ஆயுள் தண்டனை என்ற மாற்று வழியையும், சட்டங்கள் இஸ்லாத்துக்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் ஃபெடரல் ஷரியத் நீதிமன்றம் 1990-ல் அடைத்துவிட்டது. நிலத் தகராறோ கடன் பகையோ இருப்பவருக்கு இதைவிட வசதியான பிரிவு கிடைக்காது. இதில் சிக்கிய முஸ்லிம்களும் ஏராளம். மத அவமதிப்புக்குக் கடுமையான சட்டம் வேண்டும் என்று எந்த நாட்டில் குரல் எழுந்தாலும், முதலில் நோக்கம் பற்றிய வார்த்தை அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபைசலாபாத் பக்கம் குஷ்பூர் என்ற கத்தோலிக்கக் கிராமத்தைச் சேர்ந்த குடும்பம் பட்டியுடையது. மாணவப் பருவத்திலிருந்தே இந்தச் சட்டங்களை எதிர்த்தவர். 2008 நவம்பரில் அமைச்சரானார். மத்திய அரசு வேலைகளில் சிறுபான்மையினருக்கு 5 சதவீத ஒதுக்கீடு, ஆகஸ்ட் 11 சிறுபான்மையினர் தினம் என்று அவர் காலத்தில் சில நல்ல காரியங்கள் நடந்தன. ஆசியா பீபி வழக்கை ஆராய்ந்து, அந்தப் பெண் குற்றமற்றவர் என்று அதிபர் சர்தாரிக்கு அறிக்கை கொடுத்தார். இந்தச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க வேண்டும் என்பது அவர் விடாமல் வைத்த கோரிக்கை. சட்டம் படித்த யாரும் இதைத் தீவிரமான கோரிக்கை என்று சொல்ல மாட்டார்கள்.

அவர் நின்ற இடம் எவ்வளவு பலவீனமானது என்பதையும் சொல்ல வேண்டும். 2002-க்கு முன்பு தனி வாக்காளர் பட்டியல் முறை இருந்தது. சிறுபான்மையினர் தங்கள் சமூக வேட்பாளருக்கு மட்டுமே ஓட்டுப் போடலாம், அதனால் பொதுத் தொகுதி வேட்பாளர்கள் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது போனது நல்லதுதான். ஆனால் இப்போது தேசிய சபையில் அவர்களுக்கான 10 இடங்களையும் கட்சிகளின் பட்டியலிலிருந்து நிரப்புகிறார்கள். தலைமை பெயர் எழுதினால் உறுப்பினர், எழுதாவிட்டால் இல்லை. ஓட்டுப் போட்ட மக்கள் என்று ஒரு தொகுதி பின்னால் இல்லாதவர் கட்சியை எவ்வளவு தூரம் நெருக்க முடியும்?

2011 ஜனவரி 4-ல் ஆசியா பீபிக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை அவருடைய காவலரே சுட்டுக் கொன்றார். சட்டத்தில் கை வைக்கப் போவதில்லை என்று பிரதமர் கிலானி அறிவித்தார். திருத்த மசோதா கொண்டுவந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஷெர்ரி ரஹ்மான் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. பட்டி பின்வாங்கவில்லை. தனக்கு என்ன நடக்கலாம் என்று தெரிந்தே, இறந்த பிறகு வெளியிட ஒரு வீடியோவும் பதிவு செய்து வைத்திருந்தார். மார்ச் 2 காலை இஸ்லாமாபாத்தில் தாயார் வீட்டிலிருந்து கிளம்பியபோது காரை மறித்துச் சுட்டார்கள். அப்போது காவலர் யாரும் உடன் இல்லை. பாகிஸ்தான் தாலிபான் பொறுப்பேற்றது.

ஆசியா பீபி 2019-ல் கனடாவுக்குப் போய்விட்டார். 295-சி-யில் நோக்கம் பற்றிய வார்த்தை இன்னும் சேர்க்கப்படவில்லை.