சென்சாரைக் கழற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

பட்டறைக்கு மறுபடியும் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வந்திருக்கிறது. த்ராட்டில் (காற்று வால்வு திறக்கும் அளவு), மேப் (இன்ஜினுக்குப் போகும் குழாயின் காற்றழுத்தம்), கூலண்ட் (குளிர்விக்கும் நீரின் வெப்பம்) சென்சார்கள் மூன்றையும் புதிதாக மாற்றியாகிவிட்டதாம். ஆனாலும் செக் இன்ஜின் விளக்கு அணையவில்லை, கரும்புகையும் நிற்கவில்லை. ஸ்கேனரைச் செருகினால், சூடாக ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினின் கூலண்ட் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்கிறது! மற்ற இரண்டு சிக்னல்களும் 5 வோல்ட்டை ஒட்டி நிற்கின்றன. மூன்று சென்சார்கள் ஒரே நாளில் சாகுமா? இந்த வண்டியில் மூன்றுக்கும் எர்த் ஒயர் ஒன்றுதான். அது ஒயர் கட்டுக்குள் பச்சைத் துரு பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. எர்த் அறுந்ததால்தான் மூன்று சிக்னல்களும் ஒன்றாகத் தப்பாகின.

ஸ்கேனரில் வரும் கோட், அதாவது கோளாறு எண், மாற்ற வேண்டிய பாகத்தின் பெயர் அல்ல. எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் யார் காதிலும் ஏறுவதில்லை. பி0118 என்றால் கூலண்ட் சென்சார் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்று பொருள்; ஸ்கேனரில் அது மைனஸ் 40 ஆகத் தெரியும். சர்க்யூட் என்பது சென்சார் மட்டுமா? கனெக்டர், அதன் பின்கள், ஒயர், எர்த், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்தது. இதில் எது அறுந்தாலும் அதே கோட்தான் வரும். பி0171 வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறவர்களும் உண்டு. கலவையில் காற்று அதிகம் என்று அந்தச் சென்சார் சரியாகத்தான் புகார் சொல்லியிருக்கும்; குற்றவாளி ஒரு வெடித்த வாக்குவம் குழாயாக இருக்கும். புகார் கொடுத்தவரையே பிடித்து உள்ளே போடுகிற கதை!

பி0118க்குச் சோதனை மிக எளிது. இரண்டு ஒயர் உள்ள கூலண்ட் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு சிறு ஒயரால் இணையுங்கள். ஸ்கேனரில் மைனஸ் 40 சட்டென்று உச்சத்துக்கு ஏறினால் ஒயரிங் நன்றாக இருக்கிறது, சென்சாரைச் சந்தேகிக்கலாம். அசையாமல் நின்றால் புதுச் சென்சார் வாங்கிப் பயனில்லை. மூன்று ஒயர் சென்சாரில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். 5 வோல்ட் சப்ளை எர்த்தாகிவிடும்.

சூடானதும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆகும் வண்டியில் கிராங்க் சென்சாரை (இன்ஜின் தண்டின் சுழற்சியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) குளிர்ந்த நிலையில் அளந்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள். வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே அளக்க வேண்டும்.

சேறும் தண்ணீரும் குலுக்கலும் பார்த்த வண்டியில் முதல் சந்தேகம் எப்போதும் எர்த் மீதுதான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டையைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள். அடுத்தது, இன்ஜின் ஓடும்போதே ஒயர் கட்டை அங்கங்கே மெல்ல அசைத்துப் பார்ப்பது. எங்கே திணறுகிறதோ அங்கேதான் கோளாறு.

ஒயரின் உறையில் ஊசி குத்திச் சோதிக்காதீர்கள். அடுத்த ஓடையில் இறங்கும்போது அந்தத் துளை வழியாகத் தண்ணீர் ஏறும். கனெக்டரின் பின்புறமாகவே மீட்டரை நுழைக்கலாம். சேற்றைக் கழுவுகிறேன் என்று உயர் அழுத்தத் தண்ணீரைக் கனெக்டர்கள் மேல் அடிக்காதீர்கள். ஸ்கேனரில் வந்த கோட் எண்ணை அழிப்பதற்கு முன்னால் எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், அது மறுபடி கோளாறு காட்டும்வரை நானும் காத்திருக்க வேண்டியதுதான்.