கப்பலுக்கு எரிபொருள் ஏற்றும்போது: விதிகள் என்ன சொல்கின்றன?

கப்பலுக்கு எரிபொருள் ஏற்றுவதை பங்கரிங் என்பார்கள். பெரும்பாலும் பார்ஜ் எனப்படும் சிறிய எண்ணெய்க் கப்பல் பக்கத்தில் வந்து அணைந்து, ஹோஸ் மாட்டி ஏற்றும். இதற்கான உலகப் பொது விதிகள் மார்போல் (கடல் மாசுத் தடுப்பு), சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்பு) என்ற இரண்டு சர்வதேச ஒப்பந்தங்களில் இருக்கின்றன.

பம்ப் ஓடும் முன் டெக்கில் தண்ணீர் வடியும் ஸ்கப்பர் துளைகளை எல்லாம் அடைத்துவிட வேண்டும். அப்போதுதான் எண்ணெய் சிந்தினாலும் கடலில் இறங்காது. அபாயச் சரக்கு ஏறுகிறது என்று மற்றவர்களுக்குக் காட்ட, பகலில் சிவப்பு ‘பி’ கொடி, இரவில் சிவப்பு விளக்கு. எந்த வேகத்தில் ஏற்றுவது, ‘நிறுத்து’ என்பதற்கு என்ன சைகை என்பதை இரு தரப்பும் பேசி, செக்லிஸ்ட்டில் கையெழுத்திட வேண்டும்.

கசிவு என்றதும் ஹோஸ் வெடிப்பதுதான் நினைவுக்கு வரும். ஆனால் டேங்க் நிரம்பி, உள்ளிருக்கும் காற்று வெளியேறும் ஏர் பைப் வழியாகப் பொங்குவதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். கடைசியில் குழாயில் தங்கிய எண்ணெயைக் காற்றடித்துத் தள்ளும்போது டேங்க்கில் இடம் இல்லையென்றால் கதை முடிந்தது. அதனால்தான் பல நிறுவனங்கள் சுமார் 90 சதவீதத்துக்கு மேல் நிரப்ப விடுவதில்லை. முதலில் மெதுவாகத் தொடங்கி, சரியான டேங்க்குக்குத்தான் போகிறதா என்று பார்த்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். முடிவில் மறுபடி குறைக்க வேண்டும்.

எரிபொருளின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது அதன் ஆவி நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை, 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. கந்தக அளவு 2020 முதல் 0.50 சதவீதத்துக்குள், காற்று மாசுக் கட்டுப்பாட்டுக் கடல் பகுதிகளில் 0.10 சதவீதத்துக்குள்.

அப்புறம், கப்பலுக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, டெலிவரி நோட். அளவு, அடர்த்தி, கந்தகம் எல்லாம் அதில் இருக்கும். மூன்று ஆண்டுகள் கப்பலில் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, சீல் வைத்த மாதிரி பாட்டில். ஏற்றும் நேரம் முழுக்க, கப்பலின் சொந்த மேனிஃபோல்டில் (ஹோஸ் மாட்டும் குழாய் வாயில்) சொட்டுச் சொட்டாகப் பிடித்தது, குறைந்தது 400 மில்லி. எரிபொருள் பெரும்பாலும் தீரும் வரையும், எப்படியும் 12 மாதங்களுக்குக் குறையாமலும் அதைப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னால் துறைமுகத்தில் கந்தகச் சோதனை வந்தால் இந்த பாட்டில்தான் சாட்சி. எனவே மாதிரி எடுக்கும் முன்பே லேபிளில் கையெழுத்து கேட்டால் போடவே கூடாது. அளவிலோ மாதிரியிலோ தகராறு இருந்தால் எதிர்ப்புக் கடிதம் எழுதி, சப்ளையரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டுத்தான் ஹோஸைக் கழற்ற விட வேண்டும்.