மீட்டெடுத்தலா, மீட்டமைத்தலா? திசைவியின் கடவுச்சொல்லை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

திசைவியின் (ரௌட்டர்) கடவுச்சொல்லை மறந்தவர்களுக்காகத் தமிழில் எழுதப்படும் வழிகாட்டிகளில், "கடவுச்சொல்லை மீட்டமைக்கத் திசைவியை மீட்டமைக்கவும்" என்னும் போக்கில் அமைந்த வாக்கியங்களை அளவுக்கு மீறிக் காண நேர்கிறது. ஒரே வினை இரண்டு முறை வருகிறது. முதல் முறை அது மறந்த சொல்லுக்குப் பதிலாகப் புதுச்சொல் இடுவதைக் குறிக்கிறது. இரண்டாம் முறை கருவியில் எழுதி வைத்த அனைத்தையும் அழிப்பதைக் குறிக்கிறது. படிப்பவரோ இரண்டையும் "இழந்ததைத் திரும்பப் பெறுதல்" என்றே எடுத்துக்கொண்டு பொத்தானை அழுத்துகிறார்.

சொற்பிறப்பைச் சுருக்கமாகவே பார்த்துவிடலாம். மீள்தல் தன்வினை, மீட்டல் அதன் பிறவினை. மீட்பு, மீட்பர், அடகு நகையை மீட்டல் என எல்லாவற்றிலும் இழந்த பொருளே திரும்பி வருகிறது. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்பதைப் புறப்பொருள் இலக்கணம் கரந்தை என்னும். வீரன் ஓட்டி வருவது அதே மாடுகளைத்தான், வேறு மாடுகளை அன்று. ஆங்கிலத்தின் 'ரெகவர்' இலத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது; அதன் பொருளும் இதுவே. 'ரீசெட்' என்பதோ மறுபடி வைத்தல் என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. கடவுச்சொல்லில் உள்ள கடவு, கடத்தல் என்னும் வினையடியாகப் பிறந்து வழியைக் குறிப்பது. கடவுச்சீட்டிலும் அதுவே இருக்கிறது. கடவுச்சொல் நல்ல ஆக்கம், அதில் எனக்குக் குறை இல்லை.

குறை, 'ரீசெட்'டுக்கு ஈடாக எழுதப்படும் 'மீட்டமை'யில்தான். இதைப் பிரித்தால் மீட்டு, அமை என்று வரும். இன்றைய தமிழ்க் காதுக்கு அது "மீட்டெடுத்து, பிறகு ஒழுங்காக அமை" என்றே ஒலிக்கும். இச்சொல்லை ஆதரிப்பவர்கள், பழைய வழக்கில் 'மீட்டும்' என்பதற்கு மீண்டும் என்ற பொருள் உண்டு, ஆகவே மீட்டமை என்பது மீண்டும் அமை என்பதே என்று வாதிடுகிறார்கள். அகராதி அவர்கள் பக்கம் இருக்கலாம்; கருவியின் முன்னால் பதற்றத்தோடு நிற்கிறவர் அவர்கள் பக்கம் இல்லை. மீட்டெடு, மீட்டமை என்னும் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வரும்போது, ஒன்று காப்பாற்றும், மற்றது அழிக்கும் என்று எந்தச் சொற்பிறப்பு அறிவைக் கொண்டு அவர் பிரித்தறிவார்? எதிரெதிரான இரண்டு செயல்களுக்கு ஒரே வேரிலிருந்து, ஒரே ஓசையில் தொடங்கும் இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுத்ததே முதற்பிழை. 'மீளமை' என்று திருத்தச் சொல்வோரும் உள்ளனர். அது இலக்கணத்துக்கு இசைந்தது என்றாலும், பழைய அமைப்பைத் திரும்பக் கொண்டுவருதல் என்ற மயக்கத்தை அதுவும் விட்டு வைக்கிறது.

ஆங்கிலமே ஒரு சொல்லை மூன்று வேலைகளுக்கு வைத்துக்கொண்டிருப்பதும் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். கடவுச்சொல்லை மாற்றுவது ரீசெட், ஆலையிலிருந்து வந்த நிலைக்குக் கருவியைத் திருப்புவது ரீசெட், வெறுமனே அணைத்து மறுபடி இயக்குவதும் சில இடங்களில் ரீசெட். மொழிபெயர்ப்பாளரிடம் சூழல் இல்லாத சொற்பட்டியல் கொடுக்கப்படுகிறது. அவர் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று வரிசையாக எழுதித் தருகிறார். இதன் விளைவை, வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்துத் திசைவிகளின் நடைமுறையில் தெளிவாகக் காணலாம்.

அமைவடிவம், அதாவது திசைவியில் எழுதி வைத்த அமைப்புகளின் தொகுப்பு, அழியாமல் உள்ளே நுழைவதற்கு அந்த நிறுவனத்தின் பல திசைவிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழி இது. கணினியிலிருந்து நேரடியாகக் கட்டளை இட உதவும் கன்சோல் கம்பியை இணைத்து, கருவியை அணைத்து இயக்கி, அது எழுந்துவரும் தொடக்க நொடிகளிலேயே தொடக்கத்தை இடைநிறுத்தும் பிரேக் குறிப்பை அனுப்பினால் ரோம்மான் என்னும் அடிநிலைத் திரை வரும். வழக்கமாகப் பதினறும எண் 2102 ஆக இருக்கும் அமைவுப் பதிவகத்தை, அதாவது எப்படித் தொடங்க வேண்டும் என்று திசைவிக்குச் சொல்லும் எண்ணை, அங்கே 2142 ஆக்க வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு பிட். மின்சாரம் போனாலும் அழியாத நிலைநினைவகத்தில் உள்ள தொடக்க அமைவடிவத்தைப் பொருட்படுத்தாதே என்று அது திசைவிக்குச் சொல்கிறது. அழி என்று சொல்வதில்லை. அதன்பின் அந்தத் திரையில் இட வேண்டிய கட்டளையின் பெயர்தான் ரீசெட். அது செய்வது மறுதொடக்கம் மட்டுமே, ஓர் எழுத்தும் அழிவதில்லை. இந்த வரியை "மீட்டமைக்கவும்" என்று பெயர்த்தால், விவரம் அறிந்தவர் அஞ்சி நின்றுவிடுவார். அறியாதவர் கருவியின் பின்புறத்தில் பொத்தான் தேடத் தொடங்குவார்.

திசைவி வெறுமையாக எழுந்ததும், தொடக்க உரையாடலுக்கு வேண்டாம் என்று விடையளித்து, எல்லாக் கட்டளைகளும் இயலும் சிறப்புரிமை நிலைக்குள் சென்று, தொடக்க அமைவடிவத்தை இயங்கும் அமைவடிவத்துக்குப் படியெடுக்க வேண்டும். திசை மாறினால் வெறுமை போய்ச் சேமித்ததன் மேல் அமர்ந்துவிடும் என்பதால் எங்கிருந்து எங்கே என்பதை இருமுறை பார்க்க வேண்டிய இடம் இது. அடுத்துப் புதிய கடவுச்சொல்லை இட்டு, மூடிக் கிடக்கும் இடைமுகங்களை (வலையோடு இணைக்கும் வாயில்களை) திறந்து, பதிவகத்தைப் பழையபடி 2102 ஆக்கிச் சேமித்தால் வேலை முடிந்தது. இந்தக் கடைசிப் படியை மறந்தவரின் திசைவி அடுத்த மின்தடைக்குப் பிறகு மறுபடி வெறுமையாக எழும்.

இவ்வளவிலும் பழைய கடவுச்சொல் எங்கும் மீளவில்லை. மீளவும் முடியாது, அது எம்டி5 போன்ற ஹாஷ் முறையால், திருப்பிப் படிக்க இயலாத ஒருவழிச் சுருக்கமாகப் பதியப்பட்டிருக்கிறது. ஆகவே "கடவுச்சொல் மீட்பு" என்று இதை அழைப்பது ஆங்கிலத் தலைப்பின் பிழையைத் தமிழுக்குக் கொண்டுவருவதே ஆகும். ஜூனிப்பர் என்னும் இன்னொரு நிறுவனத்தின் திசைவிகளிலும் மீட்பு நிலை என்ற பெயரில் நடப்பது புதுச்சொல் இடுவதே. ஒரு விலக்கைச் சொல்ல வேண்டும்: சிஸ்கோவில் ஏழாம் வகை எனப்படும் மறைப்பு எளிதில் அவிழ்க்கக் கூடியது என்பதால், அவ்வகையில் எழுதிய சொல்லை உள்ளபடியே திரும்பப் பெறலாம். அங்கே கடவுச்சொல் மீட்பு சரியான பெயர்.

மற்ற இடங்களில் "நுழைவுரிமை மீட்பு" என்று எழுத வேண்டும் என்பது என் கருத்து. நிர்வாகியிடம் இருந்ததும், போனதும், திரும்பி வருவதும் அந்த உரிமையே. அணுகல் மீட்பு என்றாலும் பொருந்தும். ஆனால் அணுகல் என்பதை இன்று எதற்கெல்லாமோ எழுதிவிட்டார்கள். கடவுச்சொல்லைப் பொறுத்தவரை மாற்றுதல் அல்லது புதிதாக இடுதல் போதும். எளிய வினை இருக்கும்போது கலைச்சொல் எதற்கு? ஆலைநிலைக்குத் திருப்புவதை முழு அழிப்பு என்றே சொல்லலாம். கேட்பவர் திடுக்கிட்டால் நல்லதுதான், திடுக்கிட வேண்டிய செயல் அது. கடவுச்சொல் மீட்புச் சேவையை முடக்கும் கட்டளை ஒன்று சிஸ்கோவில் உண்டு. அதை இட்டுவிட்டால் ரோம்மான் வழி அடைபடும். பின்னர் பிரேக் அனுப்பினால், அமைவடிவத்தை அழித்து ஆலைநிலைக்குத் திருப்பலாமா என்ற கேள்வி மட்டுமே வரும். இக்கட்டளையை விளக்க நேரும்போது, மீட்டமைப்பு என்ற சொல்லை வைத்திருப்பவர், மீட்பை முடக்கினால் மீட்டமைப்பு மட்டுமே எஞ்சும் என்று எழுத வேண்டியிருக்கும். அதன் பொருளை யார் அறிவார்?

வீட்டுத் திசைவிகளில் பெரும்பாலும் இத்தகைய நடுவழி கிடையாது. முன்பே உள்நுழைந்த உலாவி கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருக்கிறதா, அமைவடிவத்தின் காப்புக்கோப்பு எங்கேனும் உள்ளதா என்று தேடிய பிறகே பின்புறத் துளையில் ஊசியை நுழைக்க வேண்டும். நுழைத்து அழுத்திப் பிடித்தால் இணைய இணைப்பின் பயனர்பெயர், வைஃபை பெயர், திறந்து வைத்த துறைகள் (போர்ட்டுகள்) எல்லாம் போய்விடும். அந்தத் துளையின் அருகே "மீட்டமை" என்று தமிழில் அச்சிட விரும்புவோர், "எல்லாம் அழி" என்று அச்சிடட்டும். எழுத்தும் அதிகமில்லை, இடம் போதும்.