கை கழுவாமல் இருந்தால் என்ன ஆகும்?

கதவைப் பூட்டிவிட்டு நாலு எட்டு வைத்ததும் "பூட்டினோமா?" என்று நம் எல்லோருக்கும் தோன்றும். திரும்பிப் போய் ஒரு தடவை இழுத்துப் பார்ப்போம், அதோடு மறந்துபோவோம். ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் உள்ளவருக்கு அது அங்கே முடியாது. இழுத்துப் பார்த்த அடுத்த நொடியே "சரியாக இழுத்தோமா?" என்று இன்னொரு கேள்வி எழும். இருபதாவது தடவை இழுக்கும்போது, பூட்டு பூட்டித்தான் இருக்கிறது என்பது அவருக்கே தெரியும். தெரிந்தும் கை நிற்காது. இதை "சந்தேகப் பிராணி" என்றும் "சுத்தக்காரி" என்றும் கேலியாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். மனநோய் ஆய்வுகளிலேயே மிகத் தெளிவான பதில்கள் கிடைத்த நோய்களில் இதுவும் ஒன்று. அந்தப் பதில்கள் இன்னும் வீடுகளுக்குள் போய்ச் சேராததுதான் எனக்கு ஆற்றாமை.

இந்த நோயில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, விரும்பாமலே மனதுக்குள் புகுந்து பதற வைக்கும் எண்ணம். கையில் கிருமி ஒட்டியிருக்கிறது, கேஸை மூடவில்லை, சாமியைப் பற்றித் தகாத நினைப்பு வருகிறது, பெற்ற குழந்தைக்கு நானே ஏதாவது செய்துவிடுவேனோ என்றெல்லாம் அது வரும். இரண்டாவது, அந்தப் பதற்றத்தை அடக்கச் செய்யும் செயல். கழுவுவது, சரிபார்ப்பது, எண்ணுவது, மனதுக்குள் ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வது, பக்கத்தில் இருப்பவரிடம் "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. இந்தச் செயல்களை இங்கே சடங்கு என்று சொல்கிறேன்.

நோய் இருப்பது எண்ணத்திலா, சடங்கிலா? எண்ணத்தில்தான் என்று நினைப்பது இயல்பு. 1978-இல் லண்டனில் ஸ்டான்லி ராக்மனும், இலங்கையிலிருந்து அங்கே போய்ப் பணிபுரிந்த உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் சேர்ந்து, நோய் எதுவும் இல்லாத சாதாரண மக்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். சுமார் 80 விழுக்காட்டினர், இத்தகைய எண்ணங்கள் தங்களுக்கும் வருவதாகச் சொன்னார்கள். பின்னர் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு 13 நாடுகளில் 777 கல்லூரி மாணவர்களிடம் விசாரித்தது. முந்தைய மூன்று மாதங்களில் ஒரு தடவையாவது அப்படிப்பட்ட எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 94 விழுக்காடு. ஆக, எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. பெரும்பாலானவர்கள் அதை "சே, என்ன நினைப்பு" என்று தள்ளிவிடுகிறார்கள். சிலர் மட்டும் அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு, தடுப்பதற்கு ஏதாவது செய்யத் தொடங்குகிறார்கள். குழந்தையைப் பற்றிப் பயங்கரமான நினைப்பு வந்து, யாரிடமும் சொல்ல முடியாமல் குமைகிற தாய்மார்களுக்கு இந்த ஒரு தகவல் போய்ச் சேர்ந்தாலே பாதி பாரம் இறங்கும்.

சடங்கு அந்த நேரத்துக்கு நிம்மதி தருகிறது. சிக்கலே அதுதான். வட்டி கட்டுவதற்காகவே மறுபடி கடன் வாங்குகிற கதை. ஒவ்வொரு தடவை கழுவும்போதும், "கழுவியதால்தான் தப்பித்தோம்" என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. கழுவாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

சரி, அந்த வாய்ப்பைக் கொடுத்துப் பார்த்தால்? 1960-களில் இந்த யோசனையே ஆபத்தாகத் தோன்றியது. சடங்கைத் தடுத்தால் நோயாளியின் மனமே குலைந்துவிடும் என்ற அச்சம் மருத்துவர்களிடம் இருந்தது. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் துணிந்து செய்து பார்த்தார். 1966-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இரண்டே நோயாளிகள். ஒருவர் அழுக்குக்கு அஞ்சிய பள்ளி ஆசிரியை. இன்னொருவரை வாட்டியது தெய்வ நிந்தனை எண்ணங்கள். அஞ்சிய பொருளைத் தொட வைத்து, பிறகு சடங்கு செய்ய விடாமல் செவிலியர்கள் கூடவே இருந்தார்கள். மனம் குலையவில்லை, நோய்தான் தணிந்தது. 1974-க்குள் 15 பேருக்கு இதே சிகிச்சையைக் கொடுத்ததில் 10 பேர் மிக நன்றாகத் தேறியிருந்தார்கள்.

அந்தக் காலகட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 1976-இல் வந்தது. ராக்மனும் டி சில்வாவும் இன்னொரு சக ஆய்வாளரும் செய்தது. நோயாளி தனக்கு அசுத்தமாகத் தோன்றும் பொருளைத் தொடுவார். ஒரு தடவை உடனே கழுவ அனுமதி உண்டு, இன்னொரு தடவை கிடையாது. கழுவாமல் இருக்கும்போது, கழுவ வேண்டும் என்ற உந்துதலும் பதற்றமும் எவ்வளவு என்று மூன்று மணி நேரம் வரை அவ்வப்போது கேட்டுக் குறித்தார்கள். கழுவினால் பதற்றம் சட்டென்று இறங்கியது. கழுவாவிட்டாலும் இறங்கியது! அதிலும் பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்திலேயே. ஏறிய பதற்றம் ஏறிக்கொண்டே போகும் என்று நோயாளி உறுதியாக நம்பியிருப்பார். அது தானாகவே இறங்குவதைத் தன் உடம்பிலேயே அவர் பார்த்துவிட்டார். இன்று ஈஆர்பி என்று அழைக்கப்படும் சிகிச்சையின் அடித்தளம் இதுதான்: அஞ்சியதை எதிர்கொள்வது, சடங்கைச் செய்யாமல் இருப்பது.

மாத்திரை வழியிலும் இதே காலத்தில் ஒரு திறப்பு ஏற்பட்டது. மனச்சோர்வுக்கு வந்த க்ளோமிப்ரமின் என்ற மருந்து எண்ணச் சுழற்சியையும் குறைப்பதை ஸ்பெயின் மருத்துவர்கள் 1967-இல் கவனித்தார்கள். ஆனால் "குறைந்தது" என்று எதை வைத்துச் சொல்வது? 1989-இல் வேய்ன் குட்மன் குழுவினர் யேல்-பிரவுன் அளவுகோலை உருவாக்கினார்கள். பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். என்ன எண்ணம் வருகிறது என்பதை அது பார்க்காது. நாளில் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது, எவ்வளவு வதைக்கிறது, எவ்வளவு எதிர்க்க முடிகிறது என்றுதான் பார்க்கும். அதன் பிறகுதான் கைகழுவுபவரையும் கதவை இழுப்பவரையும் ஒரே தராசில் வைத்துப் பெரிய ஆய்வுகள் நடத்த முடிந்தது. 1991-இல் 520 பேரிடம் நடந்த ஆய்வில் க்ளோமிப்ரமின் எடுத்தவர்களின் மதிப்பெண் சுமார் 40 விழுக்காடு குறைந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 5 விழுக்காடுகூடத் தாண்டவில்லை.

இந்தச் சின்ன எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். மனச்சோர்வு ஆய்வுகளில் வெற்று மாத்திரைக்கே மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்குத் தேறுவது உண்டு. நம்பிக்கையே அங்கே பாதி மருந்து. ஓசிடி அப்படி ஏமாறுவதில்லை. வெறும் ஆறுதல் வார்த்தைக்கும் அது மசியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஈஆர்பியா, மாத்திரையா என்ற கேள்விக்கு விடை சொன்ன ஆய்வு எட்னா ஃபோவா குழுவினர் 2005-இல் வெளியிட்டது. இந்த ஆய்வை அமைத்த விதத்திலேயே ஒரு நேர்மை இருந்தது. ஈஆர்பி ஆட்கள் நடத்தினால் ஈஆர்பி ஜெயிக்கும், மருந்து ஆட்கள் நடத்தினால் மருந்து ஜெயிக்கும் என்ற சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக, மருந்தில் தேர்ந்த ஒரு மையம், ஈஆர்பியில் தேர்ந்த ஒரு மையம், இரண்டிலும் தேர்ந்த ஒரு மையம் என்று மூன்று இடங்களில் நடத்தினார்கள். 122 பேரைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது நன்கு தேறியவர்கள்: ஈஆர்பியில் 62 விழுக்காடு, க்ளோமிப்ரமினில் 42, இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 70, வெற்று மாத்திரையில் 8. கடைசிவரை முடித்தவர்களை மட்டும் எண்ணினால் ஈஆர்பி 86-க்கு ஏறிவிடும். 86 என்ற எண்ணைத்தான் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் 62-ஐத்தான் சொல்ல வேண்டும். பாதியில் விட்டுப் போனவர்களும் நோயாளிகள்தானே. அஞ்சுவதை நேரே போய்த் தொடு என்று சொல்லும் சிகிச்சையிலிருந்து சிலர் விலகுவார்கள் என்பதும் அந்தச் சிகிச்சையின் குணம்தான். இன்னொரு வேறுபாடு பிறகு தெரிந்தது. சிகிச்சையை நிறுத்தி 12 வாரத்துக்குள், க்ளோமிப்ரமின் மட்டும் எடுத்துத் தேறியவர்களில் 45 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. ஈஆர்பி பெற்றவர்களில் 12 விழுக்காட்டினருக்குத்தான்.

இதனால் மாத்திரை வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எழவே முடியாமல் கிடப்பவரை ஈஆர்பி செய்யும் அளவுக்குத் தூக்கி நிறுத்துவது பல நேரம் மாத்திரைதான். இப்போது பெரும்பாலும் ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்றவை கொடுக்கிறார்கள். மனச்சோர்வுக்குத் தேவைப்படுவதைவிட அதிக அளவு வேண்டியிருக்கும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் "ஒண்ணும் கேக்கல" என்று தூக்கிப் போடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தவும் கூடாது. மாத்திரை போதாமல் போனால்? 2013-இல் ஹெலன் ப்ளேர் சிம்ப்சன் குழுவினர், மாத்திரை எடுத்தும் முழுதாகக் குணமாகாத 100 பேரிடம் சோதித்தார்கள். மேலும் ஒரு மாத்திரையாக ரிஸ்பெரிடோன் சேர்த்தபோது 23 விழுக்காட்டினர் தேறினார்கள். ஈஆர்பி சேர்த்தபோது 80 விழுக்காட்டினர்.

இதெல்லாம் மூளையில் எங்கே நடக்கிறது? நெற்றிக்குப் பின்னுள்ள புறணியிலிருந்து காடேட் என்ற உட்பகுதி வழியாகத் தலாமஸ் என்ற இன்னொரு உட்பகுதிக்குப் போய்த் திரும்பும் ஒரு சுற்று, இந்த நோயில் அளவுக்கு மீறி இயங்குகிறது. கலிஃபோர்னியாவில் லூயிஸ் பாக்ஸ்டர் 1992-இல், ஃப்ளுவாக்ஸெடின் எடுத்தவர்களையும் ஈஆர்பி போன்ற நடத்தைப் பயிற்சி பெற்றவர்களையும், மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு குளுக்கோஸைச் செலவழிக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில் பார்த்தார். இரண்டு குழுவிலும் தேறியவர்களின் வலது காடேட்டில் குளுக்கோஸ் செலவு குறைந்திருந்தது. குழாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததும் மூளையைத் தொட்டிருக்கிறது!

பழைய பயம் அழிந்துவிடுவதில்லை என்பதும் இப்போது தெரியும். அதன் பக்கத்திலேயே "ஒன்றும் ஆகவில்லை" என்ற புதிய பாடம் பதிகிறது. எந்தப் பாடம் முந்திக்கொள்கிறது என்பதுதான் போட்டி. மருத்துவமனையில் மட்டும் பழகினால் வீட்டில் பழையது ஜெயிக்கும். ஆகவே சமையலறை, பஸ், அலுவலகக் கழிப்பறை என்று இடம் மாற்றி மாற்றிப் பழகச் சொல்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் இங்கேதான் முக்கியமாகிறார்கள். பாசத்தில் "ஆமாம்பா, பூட்டிட்டேன்" என்று பத்துத் தடவை பதில் சொல்வதும், கேட்டபோதெல்லாம் தட்டை மறுபடி கழுவிக் கொடுப்பதும் சடங்கில் பங்கெடுப்பதே. ஒரேயடியாக நிறுத்திக் கத்துவதும் உதவாது. சிகிச்சையாளரோடு பேசி, நோயாளியின் சம்மதத்தோடு படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எதற்கும் மசியாத கடும் நோய்க்கு, மண்டையோட்டுக்கு மேலிருந்து காந்தத் துடிப்புகள் கொடுக்கும் கருவிக்கு 2018-இல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதி தந்தது. மூளைக்குள் மின்முனை பதிக்கும் முறையும் மிகச் சிலருக்குச் செய்யப்படுகிறது.

2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, ஏறக்குறைய 0.8 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருப்பதாகச் சொன்னது. ஊரில் ஆயிரம் பேர் இருந்தால் எட்டுப் பேர். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நம் பக்கத்தில் யாரையாவது பார்க்கப் போனால் "ஈஆர்பி செய்வீர்களா?" என்று நேராகவே கேளுங்கள், அப்படிக் கேட்பதில் தவறே இல்லை. எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்கு, அதாவது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்துக்கு, எந்நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.